பன்னிரண்டு மணி வாசிப்பு

“பிள்ளைகள்,” என்று வெர்னா காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு வாசித்தாள். “பர்மிங்காமிலிருந்து வந்திருக்கும் லைனஸ். ஃபோவாஷோவிலிருக்கும் வெர்னா. மார்த்தினீக்கிலிருக்கும் ஜஸ்டீனா. சகோதரர், கேட் என்று எல்லோராலும் அறியப்பட்ட இசிதோர்...”

“நிறுத்து,” என்றார் இசிதோர். “பிள்ளைங்க இடத்தைத் திரும்பப் படி.”

வெர்னா அம்மாவைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் படித்தாள். லைனஸ், வெர்னா, ஜஸ்டீனா. மூன்று பெயர். ஜன்னலுக்கு வெளியே துறையில் வந்து நின்றிருந்த சுற்றுலாக் கப்பல் தெருவின் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

அன்செல்மா ஊறவைத்த உப்புக் கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் புருஷனை அடக்கம் செய்கிறவள் கருவாட்டில் முள் எடுக்க வேண்டியதில்லை. செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவள் கையைச் சும்மா வைத்திருக்கிறவள் இல்லை.

“ஒரு ஆள் குறையுது,” என்றார் இசிதோர்.

“யாரும் குறையலே.”

“அன்செல்மா.”

“மூணு பேரையும் நான்தான் பெத்தேன். எனக்குத் தெரியாதா?” ஒரு முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். “இசிதோர், நல்லாக் கேட்டுக்கோ. இன்னிக்கு ரேடியோவுல நாலாவதா ஒரு பேர் வந்துச்சுன்னா, நாளைக்கு அவன் பெட்டிக்குப் பின்னால நான் நடக்கமாட்டேன். இதே நாற்காலியில உக்காந்திருப்பேன். ஊர் கேட்டா நீ பதில் சொல்லிக்கோ.”

இருவரும் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். நீ, வா, போதான். அவள் சொன்னதைச் செய்கிறவள் என்று இசிதோருக்குத் தெரியும். இருபது வயதில் ஒரு தடவை, ஊர்வலத்தில் தனக்குப் பிடிக்காத ஆளை மாதா சிலையைத் தூக்க விட்டார்கள் என்பதற்காக, வெள்ளை உடுப்போடு வீட்டுக்குத் திரும்பி நடந்தவள் அவள்.

இந்தத் தீவின் தலைநகரமான காஸ்ட்ரீஸில் ஒருவன் செத்தான் என்பது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ரேடியோ வாசித்த பிறகுதான் செல்லும். டாக்டர் சொன்னது, பாதிரியார் சொன்னது எல்லாம் அதற்குப் பிறகுதான். ரேடியோ வாசித்த பெயர்கள் பெட்டிக்குப் பின்னால் முதல் வரிசையில் நடக்கும். வாசிக்காத பெயர்கள் சாலையோரம் நின்று வேடிக்கை பார்க்கலாம். அதில் பேரம் கிடையாது.

அன்செல்மாவின் புருஷன் க்ளீட்டஸ் செத்து ஒன்பது நாள் ஆகிறது. பர்மிங்காமில் இருந்து மகன் வருவதற்காகக் காத்திருந்தார்கள். சாகிற அன்று காலையில் அண்ணன் இசிதோர் மட்டும் பக்கத்தில் இருந்தபோது, அவன் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். மூச்சு பாதி வந்தது, பாதி வரவில்லை. “அந்தப் பொண்ணு பேரையும்... வாசிக்கச் சொல்லு,” என்றான். இசிதோர் சுவரைப் பார்த்தார். விரலை விடவில்லை அவன். கம்பம் மாதிரி நின்ற ஆள்; அதனால்தான் ஊர் அவனைப் போத்தோ என்று கூப்பிட்டது. அன்று கையில் எலும்பு மட்டும்தான் இருந்தது. ஆனாலும் பிடி அப்படி இருந்தது. இசிதோர் தலையை ஆட்டிய பிறகுதான் விட்டான்.

எந்தப் பொண்ணு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கடைசி இரண்டு மாதமும் சாயங்காலம் நாலு மணிக்குப் படகுகள் கரைக்கு வரும்போது கால்வாய்க்கு அந்தப் பக்கம் மீன் வந்ததென்று சங்கு ஊதும். ஊதுகிறவள் யார் என்று இந்தப் பக்கமும் எல்லோருக்கும் தெரியும். க்ளீட்டஸ் படுக்கையில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புவான். அன்செல்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். இசிதோர் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒன்பது நாளாக அவர் ஒன்றும் செய்யவில்லை. செத்தவன் வந்து கேட்கவா போகிறான் என்று இருந்தார். இன்று காகிதத்தை வாசிக்கக் கேட்டபோதுதான் சுண்டுவிரல் வலித்தது.

“காகிதத்தைக் குடு. நான் கொண்டு போறேன்.”

“நானே போறேனே, பெரியப்பா. பத்தரைக்குள்ள குடுக்கணும். அதுக்கப்புறம் வாங்கமாட்டாங்க,” என்றாள் வெர்னா.

“எனக்குக் கால் இருக்கு.”

“சத்தியம் பண்ணிட்டுப் போ,” என்றாள் அன்செல்மா, கருவாட்டைப் பார்த்தபடியே.

“நான் யாருக்கும் சத்தியம் பண்றதில்லே,” என்று தொப்பியை எடுத்தார் இசிதோர்.

மணி ஒன்பதே கால்.

ரேடியோ நிலையத்துக்கு ஊருக்குள் போக வேண்டும், இடது பக்கம். இசிதோர் வலது பக்கம் திரும்பினார். கப்பலிலிருந்து இறங்கின கூட்டம் வெள்ளைத் தொப்பியும் சிவந்த முழங்காலுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. டாக்ஸிக்காரர்கள் எரிமலை, வெந்நீர் ஊற்று என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் வரைபடத்தை நீட்டி, இங்கே பழைய மீனவர் குடியிருப்பு எது என்று இசிதோரைக் கேட்டாள். “தெரியாது” என்று சொல்லிவிட்டு அந்தக் குடியிருப்பை நோக்கியே நடந்தார்.

அவருக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. லாம்பி என்று தெரியும். லாம்பி என்றால் சங்கு. சங்கு என்று எழுதிக் கொடுத்தால் ரேடியோக்காரர்கள் வாங்க மாட்டார்கள்; முதலில் ஞானஸ்நானப் பெயர் வேண்டும், அதற்கப்புறம்தான் ‘என்று எல்லோராலும் அறியப்பட்ட’. துறைமுகத்தை ஒட்டின இந்த ஃபோவாஷோவில் ஞானஸ்நானப் பெயர் பள்ளிக்கூடத்துக்கும் போலீசுக்கும் கல்லறைக்கும்தான் ஆகும். மற்ற நாளில் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஐம்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவனுக்கு என்ன பெயர் என்பதை அவன் செத்த அன்று ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள் இவர்கள்.

கால்வாய்ப் பாலத்தை அவர் தாண்டி முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். தாண்ட ஒன்றும் காரணம் இல்லை. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அவரைப் பிடிக்காது. துறைமுக வாசலில் முப்பத்தொரு வருஷம் காவலுக்கு நின்றவர் அவர்; கேட் என்ற பெயர் அதில் வந்தது. வெளியே போகிற ஒவ்வொரு பையையும் திறந்து பார்க்கிற வேலை. நல்லவன் பையிலும் ஏதாவது இருக்கும் என்பது அவர் கண்டது.

கவிழ்த்துப் போட்ட படகைச் சுற்றி நாலு பேர் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். வலை தைக்கிற போனிஃபாஸ் அவரைப் பார்த்துவிட்டு ஊசியை வாயில் கவ்விக்கொண்டான். பிறகு எடுத்தான்.

“டேய், கேட் வந்திருக்கான். பையெல்லாம் திறந்து காட்டுங்கடா.”

சிரித்தார்கள். இசிதோர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

“என் பூட்ஸைக் கொண்டாந்தியா?” என்றான் போனிஃபாஸ்.

“எந்த பூட்ஸ்?”

“எண்பத்தி மூணுல புடுங்கினியே.”

“அது திருட்டு பூட்ஸ்.”

“திருட்டு பூட்ஸ்தான். ஆனா என் அளவு.”

மறுபடி சிரிப்பு. இசிதோர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது முப்பத்தைந்து.

“லாம்பி வீடு எது?”

“எந்த லாம்பி?”

“எத்தனை லாம்பி வச்சிருக்கீங்க?”

“கேக்குற ஆளைப் பொறுத்து. உனக்குன்னா ஒண்ணுகூட இல்லே.”

“அவளோட முழுப் பேர் என்ன?”

டோமினோ நின்றது. ஒருவன் கையிலிருந்த கட்டையைக் கவிழ்த்து வைத்தான். பெயரைக் கேட்டு வருகிறவன் காகிதத்தோடு வருவான்; காகிதத்தோடு வந்தவன் இந்தக் கரைக்கு நல்லது செய்ததில்லை.

“கோர்ட்டு வேலையா?” என்றான் போனிஃபாஸ், சிரிக்காமல்.

“சாவு வேலை.”

போனிஃபாஸ் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஊசியாலேயே காட்டினான். ஐஸ் கொட்டகைக்கு அந்தப் பக்கம், கடைசி வீடு, நீலக் கதவு.

“போத்தோ நல்லவன்,” என்று முதுகுக்குப் பின்னால் சொன்னான். “உன்கூடப் பொறந்ததுதான் அவன் பண்ணின தப்பு.”

நீலக் கதவுக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஒருத்தி உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்துக்குக் கிட்ட வயது. கத்தி இடது கையில். க்ளீட்டஸும் அப்படித்தான் பிடிப்பான், கட்டைவிரல் கத்தியின் முதுகில் படுத்திருக்கும். இசிதோர் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் நின்ற பழக்கம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்ப்பார்.

“மிஸ்டர் கேட்,” என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.

“என்னைத் தெரியுமா?”

“எங்கம்மா அடையாளம் சொல்லியிருக்கா. சாவு வீட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லத்தானே வந்தீங்க? வரலே. போய்ச் சொல்லுங்க.”

“அதுக்கு வரலே. உன் பேர் வேணும்.”

“லாம்பி.”

“ஞானஸ்நானப் பேரு.”

கத்தி நின்றது. “எதுக்கு?”

“பன்னிரண்டு மணி வாசிப்புக்கு. அவன் கேட்டான், சாகிற அன்னிக்கு.”

“என்ன கேட்டாரு?”

“அந்தப் பொண்ணு பேரையும் வாசிக்கச் சொல்லுன்னான்.”

“அந்தப் பொண்ணு,” என்று அவள் திருப்பிச் சொன்னாள். மீனைப் புரட்டிப்போட்டாள். “அவருக்கும் பேர் தெரியாதா?”

“மூச்சு இல்லே அவனுக்கு.”

அது உண்மை. ஆனால் மூச்சு இருந்திருந்தால் சொல்லியிருப்பானா என்பது இசிதோருக்குத் தெரியாது. அவள் அதை அவர் முகத்தில் பார்த்திருக்க வேண்டும். கையை வாளித் தண்ணீரில் அலசினாள், பாவாடையில் துடைத்தாள், எழுந்தாள்.

“உள்ளே வாங்க.”

அவர் படியில் கால் வைத்ததும், இடது கையை நீட்டிக் கதவுச் சட்டத்தில் ஊன்றி வழியை மறித்தாள்.

“சீட்டு இருக்கா?”

இசிதோர் அப்படியே நின்றார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், துறைமுக வாசலில், வாழைக்காய் ஏற்றுகிற நாள். இவளுடைய அம்மா யூடோரா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். க்ளீட்டஸ் அப்போது உள்ளே கப்பலில் குலை ஏற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் அன்செல்மா, கையில் லைனஸ். ஒரு நிமிஷம் அவனைக் கூப்பிடுங்க, ஒரே நிமிஷம் என்றாள் யூடோரா. “சீட்டு இல்லாம யாரும் உள்ளே போகக் கூடாது,” என்றார் இசிதோர். உள்ளே போக அவள் கேட்கவே இல்லை. வெயில் தாழும்வரை நின்றுவிட்டுப் போனாள். தம்பிக்குத் தானாகத் தெரிந்து வந்து கேட்டபோது, “அது உன்னுதுதான்னு என்ன அத்தாட்சி?” என்றார். அவள் அதற்குள் அல்சீட் என்கிற மீனவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

லாம்பி கையை எடுத்தாள்.

“சும்மா கேட்டேன். வாங்க.” குரலைத் தாழ்த்தினாள். “உள்ளே அவர் இருக்காரு. வலை விஷயமா வந்ததா சொல்லுங்க.”

உள்ளே இருட்டாக, சுத்தமாக இருந்தது. ஜன்னலோரம் ஒரு கிழவர். சர்க்கரை நோய் ஒரு காலை முழங்காலோடு எடுத்துக்கொண்டிருந்தது. மடியில் ரேடியோ, குழந்தை மாதிரி.

“யாரும்மா?”

“வலை விக்க வந்திருக்காரு, அப்பா.”

“பேசச் சொல்லு.”

“வணக்கம், அல்சீட்,” என்றார் இசிதோர்.

கிழவரின் தலை மெதுவாகத் திரும்பியது. “கேட்!” என்றார். “கேட் எந்தக் காலத்துல வலை வித்தான்?”

அடுப்பில் கொக்கோ கொதிக்கிற வாசனை.

“தம்பிக்கு இன்னிக்குத்தானே வாசிப்பு?” என்றார் அல்சீட்.

“ஆமா.”

“கேப்பேன். தினமும் கேக்குறேன். ஒரு பேர் விடமாட்டேன். நாக்கு வழுக்கித் தப்பா வாசிச்சாங்கன்னா, போன் பண்ணச் சொல்லி இவளைப் படுத்துவேன்.” ரேடியோவின் மேல் கையை வைத்துக்கொண்டார். “பட்டியல் பெருசா?”

“பெருசுதான்.”

“குடுத்து வச்சவன். எனக்கு ரெண்டே வார்த்தை. ‘மகள் ஒருத்தி.’ அவ்வளவுதான் வரும்.” கொஞ்ச நேரம் இசிதோரையே பார்த்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது. எவ்வளவு தெரிந்தது என்று சொல்ல முடியாது. “அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் கடலுக்குப் போனேன். எனக்கு அது போதும், கேட்.”

இசிதோர் தொப்பியைக் கையில் சுற்றினார்.

“பின்பக்கம் வாங்க, வலையை அங்கே பாக்கலாம்,” என்றாள் லாம்பி.

பின்பக்கம் வலை இல்லை. மூன்று படி, அதற்குக் கீழே தண்ணீர். ஜன்னல் விளிம்பில் நுனி வெட்டின பெரிய சங்கு ஒன்று இருந்தது, வாய் வைத்து ஊதுகிற இடம் தேய்ந்து வழவழவென்று. நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சுவரில் சொருகியிருந்த பென்சிலால் எழுதினாள். நீட்டினாள்.

“படிக்கத் தெரியுமா?”

“மெதுவா.”

வெளிச்சத்தில் பிடித்தார். உதட்டை அசைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினார். மேரி. அது எல்லோருக்கும் உண்டு. அடுத்தது க், ளீ. இசிதோர் ஒரு தடவை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். க்ளீத்தா. மேரி க்ளீத்தா ஹிப்போலீட்.

க்ளீட்டஸ். க்ளீத்தா.

“யாரு வச்ச பேரு இது?”

“எங்கம்மா. கோயில் புத்தகத்துல எழுதியிருக்கு. யாரு வேணா போய்ப் பாத்திருக்கலாம்.” தண்ணீரில் காறித் துப்பினாள். “ஒருத்தரும் பாக்கலே.”

“அவருக்குத் தெரியுமா?” இசிதோர் உள்பக்கம் தலையை அசைத்தார்.

“அவர்தான் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டுப் போனாரு. பாதிரியார் பேர் கேட்டதும் எங்கம்மா சொல்லியிருக்கா. இவர் சரின்னிருக்காரு. வீட்டுக்கு வந்து, இது என்ன சங்கு மாதிரி அழுது, லாம்பி, லாம்பின்னாராம். அன்னிலேருந்து அந்தப் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லே. மத்தவங்களையும் சொல்ல விட்டதில்லே.”

அலை படியில் தட்டிவிட்டுப் போனது. உள்ளே ரேடியோவில் யாரோ சிமென்ட் விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள்.

“வாசிக்க வேண்டாம்,” என்றாள் அவள். “ஊருக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனா அவர் முன்னால யாரும் சொன்னதில்லே. ரேடியோ சொல்லிட்டா, பின்னால ஒருநாள் அவருக்கு வாசிக்கிறப்ப அந்த ரெண்டு வார்த்தை பொய்யாயிடும்.”

“நான் அவன்கிட்ட ஒத்துக்கிட்டேன்.”

“அதுக்கு நான் என்ன செய்ய? நீங்க ஒத்துக்கிட்டது. நீங்க சுமங்க.”

“அப்புறம் எதுக்கு எழுதிக் குடுத்தே?”

அவள் அவரை நேராகப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு செதிள் ஒட்டியிருந்தது.

“நீங்க அத்தாட்சி கேட்டீங்களாமே,” என்றாள்.

திரும்பி வருகிறபோது போனிஃபாஸ் ஏதோ கத்தினான். இசிதோர் காதில் வாங்கவில்லை. முழங்கால் வலித்தது. பாலத்தைத் தாண்டினதும் கூட்டம் இன்னும் அதிகமாகியிருந்தது. பிளாஸ்டிக் பூமாலை போட்ட வெள்ளைக்காரக் கிழவன் ஒருவன் அவரைப் படம் எடுத்தான். அவர் கையால் தள்ளிக்கொண்டு நடந்தார்.

ரேடியோ நிலையத்தில் ஒரு சின்னப் பெண், நகத்துக்குப் பச்சைச் சாயம் பூசியவள், காகிதத்தை வாங்கி விரலால் வரி வரியாகத் தடவினாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்து நாலு.

“எல்லாரும் வந்துட்டாங்களா, அங்கிள்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வாசிச்சு முடிச்சப்புறம் அந்த அத்தையை விட்டுட்டீங்க, இந்த மாமாவை விட்டுட்டீங்கன்னு போன்ல என்னைத்தான் திட்டுவாங்க.”

இசிதோரின் கை சட்டைப் பைக்குள் இருந்தது. தாள் விரலில் பட்டது. தம்பி பிடித்த சுண்டுவிரலும் அதே பைக்குள்தான் இருந்தது.

“அங்கிள்?”

“இரு.”

“இன்னும் அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் உள்ளே குடுத்துடணும்.”

அவர் தாளை வெளியே எடுத்தார். விரித்தார். அந்தப் பெண் பேனாவைத் திறந்தாள். ஒரு பெயர்தானே. நாலாவதாக எழுத ஒரு வரி. தம்பி விரலை விட்டுவிடுவான். அன்செல்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர், மடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு, ஒரு பெயர் விடாமல் கேட்பார்.

“கடைசியில என்ன வாசிப்பீங்க?” என்றார் இசிதோர்.

“எதுல?”

“பட்டியல் முடிஞ்சப்புறம்.”

“அது எல்லாருக்கும் உள்ளதுதான். ‘பெயர் சொல்லி முடியாத இன்னும் பல உறவினர்களும் நண்பர்களும்’.”

“அதுல எல்லாரும் வந்துடுவாங்களா?”

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “வந்துடுவாங்க.”

“அந்த வரியை மெதுவா வாசிக்கச் சொல்லு.”

“சொல்றேன்.”

சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. தாளை நாலாக மடித்தார். தொப்பியைக் கழற்றி, உள்பக்கத் தோல் பட்டிக்குள் சொருகி, திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டுக்கு எல்லோரும் சமையலறையில் இருந்தார்கள். லைனஸ் கோட்டைக் கழற்றாமல் நின்றான். ஊர் வெயில் மறந்துபோயிருந்தது அவனுக்கு. அன்செல்மா அதே நாற்காலியில். கருவாடு முடிந்துவிட்டது. இப்போது அவள் கையில் ஒன்றும் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் வெளுக்க.

ஆர்கன் இசை வந்தது. முதலில் வேறு இரண்டு சாவு. பிறகு, “போத்தோ என்று எல்லோராலும் அறியப்பட்ட, ஃபோவாஷோவைச் சேர்ந்த க்ளீட்டஸ் மாத்தூரன்...”

வெர்னா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“மனைவி அன்செல்மா. பிள்ளைகள்: பர்மிங்காமிலிருந்து வந்திருக்கும் லைனஸ். ஃபோவாஷோவிலிருக்கும் வெர்னா. மார்த்தினீக்கிலிருக்கும் ஜஸ்டீனா...”

வாசிக்கிறவன் மூச்சு விட்டான். அன்செல்மா இசிதோரைப் பார்த்தாள். அவரும் அவளையே பார்த்தார்.

“சகோதரர், கேட் என்று எல்லோராலும் அறியப்பட்ட இசிதோர்...”

அவள் பார்வையை எடுக்கவில்லை. பேரன் பேத்திகள், மருமக்கள், மைத்துனர்கள், துறைமுகச் சங்கத்துக்காரர்கள் என்று பட்டியல் ஓடியது. பெயர் சொல்லி முடியாத உறவினர்களையும் நண்பர்களையும் வாசிக்கிறவன் என்றைக்கும் போல ஒரே விழுங்கில் விழுங்கிவிட்டு அடுத்த சாவுக்குப் போனான்.

வெர்னா ரேடியோவை அணைத்தாள். லைனஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். வெர்னாவும் போனாள்.

“அங்கே போனியா?” என்றாள் அன்செல்மா.

“போனேன்.”

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். அவள் மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

“எப்படி இருக்கா?”

“மீனுக்குச் செதிள் எடுத்துக்கிட்டிருந்தா. இடது கையால.”

அன்செல்மா எழுந்தாள். பச்சை வாழைக்காயும் கருவாடும் போட்டு ஒரு தட்டை அவர் முன்னால் வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

“சாப்பிடு.”

மறுநாள் இரண்டு மணிக்குச் சவப்பெட்டி வண்டி முன்னால் புறப்பட்டது. துறைமுகச் சாலை வழியாகக் கோயிலுக்கு; நடை கோயிலிலிருந்து கல்லறைக்குத்தான். அதற்கு அடுத்த காரில் பின்னால் அன்செல்மா, கறுப்புக் கையுறையோடு. அந்தப் பக்கம் வெர்னா, இந்தப் பக்கம் இசிதோர். தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்து, கட்டைவிரலால் பட்டியை அழுத்திக்கொண்டிருந்தார். கப்பல் போய்விட்டிருந்தது. அது நின்ற இடத்தில் கடல் வெறுமனே கிடந்தது.

கால்வாய்ப் பாலத்துக்கு எதிரே வரும்போது சங்கு ஊதியது.

நீளமாக ஒரு ஊதல். கண்ணாடி ஏற்றியிருந்ததால் தூரத்திலிருந்து வருவது மாதிரி இருந்தது. சந்துகளிலிருந்து பெண்கள் மீன் வாங்கப் பேசின்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள், ஒருத்தி கையில் மாவோடு. வந்தவர்கள் கரையில் நின்று கடலைப் பார்த்தார்கள். படகு ஒன்றும் இல்லை.

“ரெண்டு மணிக்கு ஏது மீன்?” என்றாள் வெர்னா. “நாலு மணிக்கில்லே வரும்?”

சங்கு நிற்கவில்லை. ஒரு மனுஷிக்கு அவ்வளவு மூச்சு எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அன்செல்மா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி வண்டியின் பின்கண்ணாடியில் பூ தெரிந்தது. பிறகு இசிதோரின் மடிக்கு மேலாகக் கையை நீட்டி, ஜன்னல் பொத்தானைத் தேடி அழுத்தினாள். கண்ணாடி முழுக்க இறங்கியது. உப்புக் காற்று உள்ளே வந்தது, சத்தமும் வந்தது.

“ஏசி ஓடுதும்மா,” என்றாள் வெர்னா.

“ஓடட்டும்.”

கரையில் நின்றவர்களில் ஒருத்தி கடலைப் பார்த்தாள், திரும்பிப் பெட்டி வண்டியைப் பார்த்தாள், ஐஸ் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த பேசினைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.